சண்டைக்கு நான், பேய்க்கு அவள்

இப்போது வருகிற சண்டைப் படங்களில் எடுத்துச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஒருத்தன் நடந்து வருகிறான், இருபது பேர் பறக்கிறார்கள். பறந்தவன் எழுந்தானா, அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா, ஒரு விவரமும் கிடையாது. ஒரு கார் வெடிக்கிறது. அப்புறம் இன்னொரு கார் வெடிக்கிறது. கதாநாயகன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்து வருகிறான். அது பெரிய வீரமாம். ரோட்டு வேலைக்குப் பாறை உடைக்க வெடி வைத்த இடத்தில் பத்து வருஷம் நின்றவள் நான். வெடி வைத்தால் ஓட வேண்டும், குனிய வேண்டும். திரும்பிப் பார்க்காமல் நடக்கிறவனை எங்கள் மிஸ்திரி கெட்ட வார்த்தையில் திட்டி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். படம் பார்த்துச் சொல்வதுதான் ஐந்து வருஷமாக எனக்கு மத்தியான வேலை.

என் சிநேகிதிக்குச் சர்க்கரை வியாதியில் கண் போய்விட்டது. முதலில் வலது கண், ஆறு மாதத்தில் இடது கண்ணும். எங்கள் தீவிலிருந்து மெயின்லேண்டுக்குக் கப்பலில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிற அளவுக்கு வெளிச்சம் மிஞ்சியது, அவ்வளவுதான். அவளும் நானும் ஒரே நாளில் மஸ்தூராக, அதாவது கூலியாளாக, ரோட்டு வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதலில் பெருவிரல்தான் வைத்தோம். வேலை நிரந்தரம் ஆனபோது கையெழுத்துப் போட்டால்தான் மரியாதை என்று, சோற்று நேரத்தில் தார் டின் மேல் கரிக்கட்டியால் எழுதிப் பழகினோம். அவள் தன் பெயரோடு நிறுத்திக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை.

மின்னி பேயில் ஒரே சரிவில்தான் இரண்டு வீடும். மேலே என் வீடு, நாலு வீடு தள்ளிக் கீழே அவள் வீடு. அவள் மகன் கப்பலில் வேலை செய்கிறான். மருமகள் பள்ளிக்கூடத்து வேலைக்குப் போய் நாலு மணிக்குத்தான் வருவாள். சாப்பிட்டு முடித்ததும் நான் இறங்கிப் போவேன். டி.வி.யில் தமிழோ ஹிந்தியோ ஏதாவது ஒரு படம் ஓடும். பேச்சு அவளுக்குக் கேட்கும். பேச்சு இல்லாத இடத்தில் நான் சொல்வேன்.

நான் சொல்கிற முறை வேறு. வளவளவென்று சொல்ல மாட்டேன். சண்டை என்றால், "பன்னெண்டு பேரு அவுட்டு, ஒருத்தன் ஓடுறான்" என்பேன். முடிந்தது. அதற்கு மேல் என் அபிப்பிராயத்தைச் சொல்வேன். அதைக் கேட்கத்தான் அவள் காத்திருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

மந்திரப் படங்களுக்கு நான் சொன்ன அபிப்பிராயங்களை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஒரு படத்தில் ஏழு தலை ராட்சசப் பாம்பு கடலிலிருந்து எழுந்து வருகிறது. கம்ப்யூட்டரில் செய்ததாம். ஈரமே இல்லை அந்தப் பாம்பின் மேல். எங்கள் ஊர்க் கரையில் முதலை ஜாக்கிரதை என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் போர்டைப் பார்த்தாலே வருகிற பயம் இந்தப் பாம்பைப் பார்த்து வரவில்லை. இன்னொன்றில் ராஜகுமாரன் புயலில் கப்பல் ஓட்டுகிறான், கொண்டை கலையவில்லை. நாலு நாள் கப்பலின் அடித்தட்டில் பங்க் கிளாசில் வாந்தி எடுத்துக்கொண்டே சென்னைக்குப் போன எங்களிடம் அந்தக் கதை எடுபடுமா? நான் திட்டத் திட்ட அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். இப்படியே மூன்று வருஷம் போயிற்று. என்னைப்போல் படம் சொல்ல ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம் மாயாபந்தர்க்காரி வந்தாள்.

வடக்கே இருக்கிற மாயாபந்தர் ஊரிலிருந்து மாறி வந்து, சிநேகிதியின் பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம் கடலோரம், கிறிஸ்தவர்கள். புருஷன் மீன்பிடிக்கப் போகிறவர். இவள் வீட்டில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை, சுடிதார் தைக்கிறாள். ஐம்பது வயது இருக்கும், எங்களுக்குச் சின்னவள். யாரைக் கண்டாலும் அக்கா என்பாள். மீன் வந்தால் எனக்கும் ஒரு பங்கு கொடுத்து அனுப்புவாள். குறை சொல்ல முடியாத பெண். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாகப் போயிற்று.

ஒரு நவம்பர் மாதம் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வர பென்ஷன் ஆபீசுக்குப் போனேன். அங்கே வரிசை நீளம். திரும்பி வந்து சிநேகிதி வீட்டுப் படி ஏறும்போதே உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. நான் உட்காருகிற நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். டி.வி.யில் ஏதோ பேய்ப் படம்.

"ஒரு ரூமு இருக்குக்கா. சுவரு பச்சை, பழைய குவாட்டர்ஸ் பச்சை. அந்தப் பொண்ணு மாம்பழக் கலரு சேல கட்டியிருக்கா. அரக்கு பார்டரு, ரெண்டு இஞ்சு இருக்கும். முந்தானை தரையில இழுபடுது, அவளுக்குத் தெரியல. கதவு ஒரு விரக்கடை திறந்திருக்கு."

அவ்வளவு சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். டி.வி.யிலும் சத்தம் இல்லை. என் சிநேகிதி கழுத்தை முன்னால் நீட்டி, வாயைத் திறந்து, மாயாபந்தர்க்காரியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். மூன்று வருஷத்தில் என் மணிக்கட்டை அவள் பிடித்ததே இல்லை. எதற்குப் பிடிப்பாள்? நான்தான் கதவு திறப்பதற்கு முன்னாலேயே, "உள்ள பேய் இருக்குடி, இந்த மக்குக்குத் தெரியல" என்று சொல்லிவிடுவேனே.

என் காலடி கேட்டுச் சிநேகிதி திரும்பினாள். "வாடி, உட்காரு. இவ சொன்னா எனக்கு மாம்பழக் கலரு தெரியுதுடி."

"ஏன், நீ மாம்பழத்த பார்த்ததே இல்லையா?" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. கண் போனவளிடம் சொல்கிற சொல்லா அது? மாயாபந்தர்க்காரி எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலி கிடைத்துவிட்டது. படம் முடியும் வரை என்னிடம் ஒரு கேள்வியும் வரவில்லை. எல்லாக் கேள்வியும் தரையைப் பார்த்தே போயின.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. நான் புருஷனிடம் சந்தேகப்பட்டதில்லை, மருமகளிடம் மல்லுக்கு நின்றதில்லை. அறுபத்தெட்டு வயதில் எனக்குப் பொறாமை வந்தது, அதுவும் டி.வி. பார்க்கிற விஷயத்தில். இரண்டு மணிக்குப் போகிறவள் ஒன்றரைக்கே போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் ரவிக்கைக்கு ஹெம்மிங் செய்துகொண்டே ஒன்றேகாலுக்கு வந்தாள். பேய்ப் படம் பார்த்தால் சர்க்கரை ஏறும் என்று கம்பவுண்டர் சொன்னதாகச் சிநேகிதியிடம் சொன்னேன். எந்தக் கம்பவுண்டரும் அப்படிச் சொல்லவில்லை.

ஒரு நாள் நானே கலர் சொல்லிப் பார்த்தேன். "சிவப்புச் சேல கட்டியிருக்கா" என்றேன்.

"எந்தச் சிவப்புடி?"

"சிவப்புன்னா சிவப்புதான். அதுல என்ன எந்தச் சிவப்பு?"

தரையிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "மருதாணி பத்திக் காய்ஞ்ச செவப்புக்கா."

சிநேகிதி "ஆங்" என்றாள். அந்த "ஆங்" ஒரு வாரம் என் காதில் இருந்தது.

இந்த நிலைமையில்தான் செல்போன் படம் வந்தது. கடலுக்கடியில் கேபிள் போட்ட பிறகு எங்கள் தீவில் போனில் படம் நிற்காமல் ஓடுகிறது. முன்னெல்லாம் மெயின்லேண்டிலிருந்து யாராவது பென் டிரைவில் கொண்டுவந்தால்தான் உண்டு. மாயாபந்தர்க்காரி தன் போனில் ஒரு புதிய தமிழ்ப் பேய்ப் படத்தை வைத்து, சிநேகிதியின் மடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். போனின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளங்கை அகலத்துப் படத்தை இரண்டு பேர் பார்க்கலாம், மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை. ஒருத்திக்குக் கண்ணே இல்லை, அவளுக்கும் அதில் இடம் இருந்தது, எனக்கு இல்லை.

"வாங்கக்கா, இப்படி உட்காருங்க" என்று அவள் நகர்ந்துதான் கொடுத்தாள். நான் உட்காரவில்லை. பத்து நிமிஷம் நின்று சத்தத்தை மட்டும் கேட்டேன்.

"பக்வாஸ் படம், சுத்தக் குப்பை" என்றேன். "பேய்க்கு ஒரு காரணம் வேணும். காரணம் இல்லாம வந்து நிக்கிற பேய எவன் மதிப்பான்? இத எடுத்தவனுக்குப் பேயையும் தெரியாது, மனுசனையும் தெரியாது."

"நீ இப்பதானடி வந்த" என்றாள் சிநேகிதி.

"சோத்துக்கு ஒரு பருக்கை போதும்" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. நானும் ஒரு பேய்ப் படம் பிடித்து, முதலிலிருந்து கடைசி வரை மனதில் ஏற்றிக்கொண்டு போய்ச் சொல்லி, அந்த மணிக்கட்டுப் பிடியை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலையிலேயே என் வீட்டு டி.வி.யில் ஒரு ஹிந்திப் படம் அமைந்தது. மார்க்கெட்டுக்குப் போகாமல், சோறு வைக்காமல் பார்த்தேன். விளம்பரம் போடும்போது ஆட்கள் கட்டியிருந்த துணியின் கலரை விரல் விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

உண்மையிலேயே நல்ல படம். ஒரு எண்ணெய்ச் செக்குக்காரர் வீட்டில் சின்ன மருமகளை அவள் கொழுந்தன் தானிய அறையில் வைத்துப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறான். உள்ளேயே செத்துப்போகிறாள். அதற்குப் பிறகு பொழுது சாய்ந்தால் அம்மி அரைக்கிற சத்தம் கேட்கும். அம்மியில் ஆள் இருக்க மாட்டார்கள். அவள் உயிரோடு இருந்தபோது நாள் முழுக்க அரைத்த அம்மி. இதுவல்லவா காரணம்! நடிகர்களின் வாய் ஒன்று பேசும், ஹிந்தி வேறொன்று பேசும். டி.வி.யில் வருகிற ஹிந்திப் படம் பாதி அப்படித்தான், எங்களுக்கு அது பழகிப்போனது.

அன்று மத்தியானமே போனேன். மாயாபந்தர்க்காரி தரையில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். இருக்கட்டும், அவளும் கேட்கட்டும் என்று டி.வி.யை அணைக்கச் சொன்னேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

நன்றாகச் சொன்னேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. தானிய அறையின் கதவு தேக்கு மரம், சாவி வெண்கலம், மருமகளின் சேலை பாசிப்பயறுக் கலர் என்று எல்லாம் சொன்னேன். அவசரப்படவில்லை. அம்மி வந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினேன். "சாயந்தரம். வீட்ல பேச்சு மூச்சு இல்ல. பின்கட்டுல, கரக்… கரக்… கரக்…"

"மூணு இழுப்பா?" என்றாள் சிநேகிதி.

"மூணு இழுப்பு. அப்புறம் சத்தம் நிக்குது."

"நின்னு, தண்ணி தெளிக்கிற சத்தம் வருமே?"

"ஆமா" என்றேன். கேட்கிறவள் இப்படிக் கூடவே வருகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். "தண்ணி தெளிக்கிற சத்தம் வருது. பெரிய மருமக விளக்க எடுத்துட்டுப் பின்கட்டுக்குப் போறா."

"போனா அம்மி ஈரமா இருக்கும். குழவி மட்டும் காஞ்சிருக்கும்."

கீழே பார்த்தேன். மாயாபந்தர்க்காரி பாவாடையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு உற்றுப் பார்க்க வேண்டிய தையல் இல்லை அது.

"போன வாரம் நீ வாசல்ல நின்னு பக்வாஸ்னு சொன்னியே" என்றாள் சிநேகிதி. "அந்தப் படம்டி இது."

"இது ஹிந்திப் படம். பேரே வேற. ஊரு ஏதோ ஒரு பூர்."

மாயாபந்தர்க்காரி தலையைத் தூக்காமலே சொன்னாள். "தமிழ்ப் படத்த ஹிந்தியில போடும்போது பேரு, ஊரு எல்லாம் மாத்திருவாங்கக்கா. யாருக்கும் தெரியாது. எனக்கும் ரெண்டு வாட்டி ஆயிருக்கு."

அவளுக்கு ஆகியிருக்காது. முதல் வாக்கியத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் தேக்குக் கதவும் வெண்கலச் சாவியும் சொல்லிக்கொண்டிருந்த அரை மணி நேரமும் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். இப்போது எனக்காகப் பொய்யும் சொல்கிறாள். சிநேகிதி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. முப்பது வருஷம் ஒரே ரோட்டில் நின்றவள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். இந்த இன்னொருத்தி சிரிக்காமல் இருந்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஹிந்தியில நல்லா எடுத்திருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

எட்டு நாள் நான் இறங்கிப் போகவில்லை. மூட்டு வலி என்று சொல்லி அனுப்பினேன். ஆள் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மத்தியானம் ஆனால் கீழேயிருந்து டி.வி. சத்தம் சரிவில் ஏறி வரும். எந்தப் படம் என்று காதைக் கொடுத்துக் கேட்பேன், தெரியாது. என் வீட்டில் அதே சேனலைத் தேடி வைப்பேன். ஒரு கதாநாயகன் ஒற்றைக் கையால் பஸ்ஸைத் தூக்கினான். "ஏண்டா, டிரைவரு இறங்கிட்டானாடா?" என்று கேட்டேன். கேட்டுச் சிரிக்க வீட்டில் யாரும் இல்லை. டி.வி.யை அணைத்துவிட்டேன்.

எனக்கு ஒரே பயம். என் இடம் போய்விட்டது, அது போனது யாருக்கும் உறைக்கவே இல்லை என்ற பயம். சிநேகிதிக்கு நான் இல்லாமலே மத்தியானம் முழுதாகப் போகிறது. முன்னைவிட நன்றாகவே போகிறது, கலரோடு போகிறது.

ஒன்பதாம் நாள் மாயாபந்தர்க்காரியே வந்தாள். கையில் ஒரு தூக்குவாளியில் மீன் குழம்பு. முட்டியைத் தொட்டுப் பார்த்து, எந்த முட்டி என்று கேட்டாள். எந்த முட்டி என்று சொல்லி அனுப்பினேன் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

"நடக்க முடிஞ்சா வாங்கக்கா" என்றாள். "இன்னிக்குச் சண்டைப் படம் போடுறான். எனக்குச் சண்டை சொல்ல வரல."

"அதுல என்ன கஷ்டம்?"

"நான் சட்டைக் கலரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவன் செத்துப்போறான்க்கா. அடுத்தவன் சட்டைக்குப் போனா அவனும் செத்துப்போறான். அக்காவுக்கு யாரு அடிக்கிறா, யாரு விழுறான்னே புரிய மாட்டேங்குது. நேத்து கோவிச்சுக்கிட்டாங்க. சுப் ரஹோ, வாய மூடு, அவளக் கூட்டிட்டு வான்னு சொல்லிட்டாங்க."

நிஜமாகவே அவளுக்கு வரவில்லையா, அல்லது என்னைக் கூட்டிப் போகச் செய்த ஏற்பாடா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். முட்டியைத் தேய்த்துக்கொண்டே, மெதுவாக, அவள் தோளைப் பிடிக்காமல் இறங்கிப் போனேன்.

சிநேகிதி நாற்காலிச் சத்தத்திலேயே நான் என்று கண்டுகொண்டாள். வலி எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

"நான் வராத எட்டு நாளும் என்ன செஞ்ச?" என்றேன்.

"எட்டுப் படம் பார்த்தேன்."

குத்திவிட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"எட்டுப் படத்துலயும் ஒருத்தரும் எவனையும் திட்டல. இவ எல்லாரையும் நல்லவனாச் சொல்றா. பேயக்கூட நல்லவளாச் சொல்றா. படம் தெரியுதுடி, ஆனா கூட ஒரு ஆளு பார்க்குற மாதிரி இல்ல."

மாயாபந்தர்க்காரி சிரித்தாள். இந்தத் தடவை மறைக்கவில்லை.

படம் ஆரம்பமாயிற்று. கதாநாயகன் மேல்சட்டை இல்லாமல் மலை உச்சியிலிருந்து குதித்தான். கீழே நாற்பது பேர் கத்தியோடு வட்டமாக நின்றிருந்தார்கள். நாற்பது பேரும் ஒரே சமயத்தில் வராமல், ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி ஒருத்தன் பின்னால் ஒருத்தனாக வந்து அடி வாங்கினார்கள். முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அப்புறம் தொண்டை திறந்துகொண்டது. "ஏலே, நாப்பது பேரு சேர்ந்து ஒருக்கா மேல விழுந்தா முடிஞ்சுபோச்சு. உங்களுக்கு லைன்ல நிக்கச் சொல்லி எவன்டா சொன்னது?" என்றேன். சிநேகிதி குலுங்கினாள். பதினாலு பேர் அவுட்டு என்றேன். ஒருத்தன் மரத்தில் தொங்குகிறான் என்றேன். இவனைப் பெற்றவள் எங்கே என்று கேட்டேன். எட்டு நாளுக்கும் சேர்த்துத் திட்டினேன்.

இப்போது இப்படித்தான் நடக்கிறது. சண்டைக்கு நான், பேய்க்கு அவள். மந்திரப் படம் என்றால் இரண்டு பேரும்; அவள் கலரைச் சொல்வாள், நான் எது பொய் என்று சொல்வேன். பேய்ப் படம் ஓடும்போது நான் வாயைத் திறப்பதில்லை. அவள் கதவு எத்தனை விரக்கடை திறந்திருக்கிறது என்று சொல்லி நிறுத்தும்போது, சிநேகிதியின் கை தானாகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறது. இன்னும் என் வயிறு எரியத்தான் செய்கிறது. அந்தச் சமயத்தில் நான் அந்தக் கையைப் பார்க்காமல் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருப்பேன், அடுத்த வாரம் சண்டைப் படம் எந்தக் கிழமை என்று யோசித்துக்கொண்டு.